கண்ணாடி உடைந்தாலும் வண்டி ஓடவேண்டும்!
திருக்குறுங்குடி டி.வி.சுந்தரம் அய்யங்கார் வாழ்க்கைக் கதை

மேலப்பாளையத்துக் குடும்பம் ஒன்று நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் ஊர் திரும்பிக்கொண்டு இருக்கிறது. வாப்பா காரை ஓட்டுகிறார். பக்கத்தில் உம்மா. பின்னால் இரண்டு பிள்ளைகள்.

நாங்குநேரியை நெருங்கும் நேரம். முன்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று போகிறது. திடீர் என்று ஒரு சத்தம். கோலிக்குண்டு அளவு கல் ஒன்று பறந்து வந்து முன் கண்ணாடியில் மோதுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல்!

நல்ல வேளை, கண்ணாடி உதிரவில்லை. பிள்ளைகள் மேல் ஒரு சில்லுகூட விழவில்லை. வாப்பா காரை ஓரமாக நிறுத்துகிறார். படம் எடுக்கிறார். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் போகிறது. ஓரிரு நாளில் புதுக் கண்ணாடி பூட்டிய கார் மீண்டும் சாலையில் ஓடுகிறது.

இன்று இது சாதாரணச் செய்தி. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இப்படியா?

அப்போது மோட்டாரும் வெளிநாட்டுச் சரக்கு. அதன் கண்ணாடியும் வெளிநாட்டுச் சரக்கு. உடைந்த பாகம் கப்பலில் வரவேண்டும். அது வரும்வரை வண்டி கொட்டகையில் கிடக்கும். செலவு முழுவதும் சொந்தக்காரர் தலையில் விழும். பணம் படைத்தவரே திண்டாடிப் போவார்.

அந்த நிலை மாறியதற்குப் பலர் காரணம். நம் தென்பாண்டிச் சீமையில் அவர்களுக்கு எல்லாம் முன்னால் நின்றவர் ஒருவர். அந்தக் கார் நின்ற நாங்குநேரியில் இருந்து ஏர்வாடி வழியாகப் போனால் அவர் பிறந்த ஊர் வந்துவிடும். மேலப்பாளையத்தில் இருந்து சுமார் 40 கிலோ மீட்டர்தான். ஊர், திருக்குறுங்குடி. பெயர், டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தைத் தெரியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. அதில் முதல் எழுத்து ஊரைக் குறிக்கும். கடைசி எழுத்து அவருடைய பெயரைக் குறிக்கும்.

மலையடிவாரத்துப் பையன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. வைணவர்கள் போற்றும் 108 திருப்பதிகளில் ஒன்று. நம்பி கோவில் கொண்டிருக்கும் தலம். சுற்றிலும் வயல், வாழை, குளம்.

அந்த ஊரில் 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி சுந்தரம் பிறந்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் திருநெல்வேலிக்கு முதல் ரெயில் வந்திருந்தது. ஆனால் ரெயில் நெல்லையோடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே நாகர்கோவில் வரை தண்டவாளம் போட 1981-ம் ஆண்டு ஆகிவிட்டது. நூறு ஆண்டுக்கு மேல்!

ஆகவே நெல்லைக்குத் தெற்கே இருந்த மக்களுக்குச் சாலைதான் கதி. சாலை என்றால் மாட்டு வண்டிதான். நெல்லும் வண்டியில் போகும். மேலப்பாளையத்து நெசவாளர் நெய்த துணியும் வண்டியில் போகும். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணும் வண்டியில்தான் போகவேண்டும். வழியில் அச்சு முறிந்தால் விடியும்வரை காத்துக் கிடக்கவேண்டும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். வண்டிப் பாதையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவேண்டியது இல்லை.

மூன்று வேலை

சுந்தரம் நன்றாகப் படித்தார். பிள்ளை வக்கீல் ஆகவேண்டும் என்பது தந்தையின் ஆசை. அந்தக் காலத்தில் படித்த குடும்பங்களுக்கு வக்கீல் தொழிலைவிடப் பெரிய தொழில் இல்லை. தந்தையின் விருப்பப்படி சுந்தரம் சட்டத் தொழிலில் இறங்கினார். மனம் ஒட்டவில்லை.

பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு பாங்கியில் வேலை பார்த்தார். இரண்டும் நிலையான சம்பளம் தரும் வேலைகள். வீட்டில் மனைவி லட்சுமி அம்மாள். குழந்தைகள். இந்த நிலையில் யாராக இருந்தாலும் கிடைத்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

சுந்தரம் அய்யங்கார் அதை விட்டார். சொந்தமாகத் தொழில் செய்வது என்று முடிவு கட்டினார்.

விட்ட மூன்று வேலைகளும் வீண் போகவில்லை. எழுதிய ஒப்பந்தத்துக்கு என்ன மதிப்பு என்பதைச் சட்டம் காட்டுகிறது. நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை ரெயில் காட்டுகிறது. பணம் எப்படிச் சேருகிறது, எப்படிக் கரைகிறது என்பதைப் பாங்கி காட்டுகிறது. அவருடைய பிற்காலத் தொழில்களை எடுத்துப் பார்த்தால், இந்த மூன்றும் அவற்றில் கலந்து இருப்பது தெரியும்.

மதுரையில் பஸ்!

1911-ம் ஆண்டு மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் நிறுவனம் பிறந்தது. 1912-ல் பஸ் ஓடத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 35.

இன்று பஸ் முதலாளி என்றால் பெரிய காரியமாகத் தோன்றாது. அன்றைய நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். தார்ச் சாலை அரிது. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்பவேண்டும். மோட்டாரைத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பது குதிரைக் கொம்பு. புது வண்டியைக் கண்டு மக்கள் வியந்தார்கள். ஏறுவதற்குப் பயந்தவர்களும் உண்டு.

அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்தக் கால மோட்டார்களின் முன் கண்ணாடி சாதாரணக் கண்ணாடிதான். வீட்டு ஜன்னலில் போடுவது போன்றது. கல் பட்டால் கத்தி கத்தியாக உடையும். வண்டி எதிலாவது மோதினால், மோதலைவிடக் கண்ணாடிதான் அதிகக் காயம் செய்யும். முகம் கிழிந்தவர்கள், கண் இழந்தவர்கள் உலகம் எங்கும் இருந்தார்கள்.

விழுந்தும் உதிராத குப்பி

இதற்கு மருந்து கண்டவர் பிரான்சு நாட்டுக்காரர். பெயர் எடுவார் பெனடிக்டஸ். ஓவியமும் தெரிந்தவர், ரசாயனமும் தெரிந்தவர்.

1903-ம் ஆண்டு. அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் உயரத்தில் இருந்த கண்ணாடிக் குப்பி ஒன்று கீழே விழுந்தது. விரிசல் விட்டது, ஆனால் உதிரவில்லை. வியப்போடு எடுத்துப் பார்த்தார். அந்தக் குப்பியில் முன்பு ஒரு ரசாயனக் கரைசல் இருந்தது. கரைசல் காய்ந்து, உட்புறம் மெல்லிய ஏடு போலப் படிந்து இருந்தது. பாலின் மேல் ஆடை படிவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஏடுதான் உடைந்த துண்டுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

மோட்டார் விபத்துகளில் கண்ணாடி செய்யும் கொடுமையைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, அவருக்கு அந்தக் குப்பி நினைவுக்கு வந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒட்டும் ஏடு ஒன்றை வைத்து அழுத்தினார். 1909-ல் அதற்குக் காப்புரிமை கேட்டார். இன்று எல்லாக் கார்களிலும் முன்னால் இருப்பது அந்தக் குடும்பத்துக் கண்ணாடிதான். நடுவில் இருக்கும் ஏடு மட்டும் காலத்துக்கு ஏற்ப மாறி இருக்கிறது. நாங்குநேரியில் அந்தப் பிள்ளைகள் மேல் சில்லு விழாமல் காத்ததும் அதுதான்.

1912-ல் இந்தக் கண்ணாடி நம் ஊர் பஸ்களுக்கு எட்டாக் கனி. இருப்பதை வைத்துத்தான் ஓட்டவேண்டும். ஆகவே, உடைவதற்கு முன்பே பார்த்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

லாட ஆணியும் காந்தமும்

உடையாமல் பார்த்துக் கொள்வதில் சுந்தரம் அய்யங்கார் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதற்கு மதுரையில் ஒரு செய்தி சொல்வார்கள்.

சாலை எங்கும் மாட்டு வண்டிகள். மாடுகளின் குளம்பில் லாடம். லாடத்தில் இருந்து ஆணி கழன்று சாலையில் கிடக்கும். பஸ் வந்தால் டயரில் குத்தும். காற்று போய்விடும். பயணிகள் நடுவழியில் இறங்கி நிற்கவேண்டும்.

மேலப்பாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியது இல்லை. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்குப் பெயர் போன ஊர் அல்லவா?

சுந்தரம் அய்யங்கார் மாட்டுக்காரர்களோடு சண்டைக்குப் போகவில்லை. காந்தம் பூட்டிய வண்டி ஒன்றைச் சாலையில் விட்டார். காந்தம் ஆணிகளை இழுத்துக்கொண்டது. சாலை சுத்தம் ஆயிற்று. அதன் பிறகு பஸ் போயிற்று. மற்றவர்களின் வண்டிச் சக்கரமும் பிழைத்தது.

பஸ்களின் நேரத்தைப் பற்றியும் பேச்சு உண்டு. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து மதுரையில் கடிகாரத்தைத் திருத்தி வைப்பார்களாம். குறித்த நேரத்தில் பஸ் வரவேண்டுமானால் டிரைவரின் ஒழுங்கு மட்டும் போதாது. இரவிலே பட்டறையில் பஸ்சைச் சோதித்து இருக்கவேண்டும். தேய்ந்த பாகத்தை அது உடைவதற்கு முன்பே மாற்றி இருக்கவேண்டும். மாற்றுவதற்குப் புதுப் பாகம் கையில் இருக்கவேண்டும்.

அங்கேதான் அவருடைய தொழில் கிளை விட்டது.

கிளை விட்ட ஆலமரம்

பஸ்களும் லாரிகளும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடின. அவற்றோடு வண்டி விற்பனையும் சேர்ந்தது. சுந்தரம் மோட்டார்ஸ் பிறந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகளை விற்கும் பெரிய நிறுவனமாக அது வளர்ந்தது. மோட்டார் உதிரி பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் ஏற்பட்டது. தேய்ந்த டயரைத் தூக்கி எறியாமல், அதன் மேல் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் தொழிற்சாலையும் வந்தது.

இந்தக் கிளைகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். வண்டியை விற்றதோடு வேலை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. விற்ற வண்டி பழுதானால் பட்டறை. பாகம் உடைந்தால் உதிரி பாகக் கடை. டயர் தேய்ந்தால் ரப்பர் தொழிற்சாலை. ஒரு வண்டிக்கு அதன் ஆயுள் முழுவதும் என்ன என்ன வேண்டுமோ அவற்றைத் தேடித் தேடித் தொழில் ஆக்கினார்.

கரியில் ஓடிய வண்டி

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோல் எல்லாம் போர்முனைக்குப் போயிற்று. ஊருக்குள் பெட்ரோல் ரேஷன். நாடெங்கும் பஸ்கள் முடங்கின.

எரிபொருள் இல்லாவிட்டால் எந்தப் பட்டறையும் என்ன செய்யும்?

சுந்தரம் அய்யங்கார் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. டி.வி.எஸ். காஸ் பிளாண்டு என்ற கருவி உருவாயிற்று.

அது வேலை செய்யும் விதம் எளிது. வண்டியோடு ஒரு கொப்பரை இருக்கும். அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்ற வைப்பார்கள். காற்றைக் குறைவாக விட்டால் கரி முழுதாக எரியாது. எரியும் தன்மை உள்ள ஒரு வாயு கிளம்பும். அந்த வாயுவைக் குளிர வைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். பெட்ரோல் செய்யவேண்டிய வேலையை அது செய்யும். வேகம் குறையும். மேட்டில் ஏற முக்கும். ஆனால் வண்டி ஓடும்!

அறுபது வயதைத் தாண்டியவர் செய்த வேலை அது.

வீட்டில் விழுந்த இடி

தொழிலில் இப்படி உயர்ந்தவரின் வீட்டில் ஒரு பெருந்துயரமும் நேர்ந்தது.

அவருடைய மகள் சவுந்தரம், 1904-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. இளமையிலேயே கணவர் காலமானார். அன்று விதவை என்றால் மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். வாழ்க்கை உடைந்தது என்றால் உடைந்ததுதான்.

சவுந்தரம் மூலையில் உட்காரவில்லை. பெற்றோர் ஆதரவோடு படிக்கக் கிளம்பினார். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936-ல் டாக்டர் ஆனார். காந்தி இயக்கத் தொண்டர் ஜி.ராமச்சந்திரனை 1940-ல் காந்தியின் முன்னிலையில் மறுமணம் செய்துகொண்டார். ஆசாரம் மிகுந்த குடும்பங்களில் அந்தக் காலத்தில் இது எளிதாக நடக்கும் காரியம் அல்ல.

1947-ல் கணவனும் மனைவியுமாகத் திண்டுக்கல் அருகே காந்தி கிராமத்தை நிறுவினார்கள். ஏழை மக்களுக்குக் கல்வி, மருத்துவம், கைத்தொழில் என்று அது வளர்ந்தது. டாக்டர் சவுந்தரம் பிற்காலத்தில் மத்திய அரசின் துணை மந்திரியாகவும் இருந்தார். தந்தை வண்டிகளைச் சாலையில் நிற்க விடவில்லை. மகள் பெண்களின் வாழ்க்கை பாதி வழியில் நிற்கக் கூடாது என்று உழைத்தார்.

மகமையும் இன்சூரன்சும்

மீண்டும் மோட்டாருக்கு வருவோம். பட்டறை இருக்கிறது. பாகமும் இருக்கிறது. வாங்கப் பணம் இல்லாவிட்டால்?

நம் திருநெல்வேலிச் சீமைக் கடைக்காரர்களுக்கு மகமை என்றால் என்ன என்று தெரியும். வியாபாரத்தில் ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். ஆளுக்குக் கொஞ்சம்தான். சேர்ந்தால் பள்ளிக்கூடம் எழும்பும்.

இன்சூரன்சும் ஏறக்குறைய அப்படித்தான். ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கட்டுகிறார்கள். ஆயிரம் வண்டியும் ஒரே நாளில் உடையாது. உடைந்த சில வண்டிகளுக்குப் பொதுப் பணத்தில் இருந்து கொடுத்துவிடலாம். யார் வண்டி உடையும் என்று தெரியாததால், எல்லாரும் கட்டுகிறார்கள்.

1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ரோட்டில் போகும் மற்றவருக்கு நம் வண்டியால் சேதம் ஏற்பட்டால், அதற்கு ஈடு கொடுக்க இன்சூரன்ஸ் கட்டாயம் என்று அந்தச் சட்டம் சொன்னது. அந்தப் பகுதி 1946-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது.

டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்ததாக மெட்ராஸ் மோட்டார் அண்டு ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் விளங்கியது. அதன் துணை நிறுவனமாக 1954-ல் சுந்தரம் பைனான்ஸ் தொடங்கியது. முன்னின்று தொடங்கியவர் சுந்தரம் அய்யங்காரின் மகன் டி.எஸ்.சந்தானம். மூலதனம் 2 லட்சம் ரூபாய். லாரி வாங்கப் பணம் இல்லாத டிரைவர், தவணையில் கட்டி லாரிக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்ற வழி பிறந்தது.

வண்டி வாங்கக் கடன். ஓடும்போது பட்டறை. உடைந்தால் பாகம். பாகத்துக்கு இன்சூரன்ஸ். சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டன.

மறைவும் மாற்றமும்

1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, கொடைக்கானல் இல்லத்தில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். வயது 78. மாட்டு வண்டி யுகத்தில் பிறந்தவர், மோட்டார் யுகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய மகன்கள் தொழிலை நடத்தினார்கள்.

காலம் பல மாற்றங்களைச் செய்தது. 1972-ல் அவர்களுடைய பஸ்கள் அரசுடைமை ஆயின. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. 1974-ல் திருநெல்வேலியில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1973-ல் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அரசுடைமை ஆயின. 107 கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்டன. மெட்ராஸ் மோட்டார் அண்டு ஜெனரல், யுனைடெட் இந்தியாவில் கலந்தது. 2000-ம் ஆண்டில் இன்சூரன்சில் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தது. அப்போது முதலில் உரிமம் பெற்றவற்றுள் ஒன்று, சுந்தரம் பைனான்ஸ் பங்கு கொண்ட ராயல் சுந்தரம்.

பஸ் போயிற்று. முதல் இன்சூரன்ஸ் கம்பெனியும் போயிற்று. ஆனால் உதிரி பாகத் தொழிலும் பட்டறையும் மேலும் வளர்ந்தன. பிரேக், சக்கரம், திருகாணி என்று மோட்டார் பாகங்கள் இந்த நாட்டிலேயே தயாராகும் காலம் வந்தது. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட், பால்காரர், வாத்தியார், துணி வியாபாரி என்று எல்லார் வீட்டு வாசலிலும் நின்றது.

விரிசல் விட்டால் என்ன செய்வது?

இப்போது நாங்குநேரிச் சாலையில் நிற்கும் மேலப்பாளையத்துக் காருக்கு வருவோம். பட்டறையும் பாகமும் இன்சூரன்சும் இருக்கின்றன. ஆனால் முறை தெரிந்தவருக்குத்தான் அவை பயன்படும்.

முதலில் பாலிசி எந்த வகை என்று பார்க்கவேண்டும். சட்டம் கட்டாயம் ஆக்கி இருப்பது, பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாலிசி. அது மட்டும் இருந்தால் சொந்தக் கண்ணாடிக்கு ஒரு காசும் கிடைக்காது. சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்துக் கட்டிய பாலிசி வேண்டும்.

இரண்டாவது, தகவல் சொல்லாமல் கண்ணாடியை மாற்றக்கூடாது. உடைந்த கண்ணாடிதான் சாட்சி. வண்டியின் நம்பரும் விரிசலும் தெரியும்படி படம் எடுத்து, நிறுவனத்துக்கு உடனே சொல்லவேண்டும். பாலிசி, ஆர்.சி. புத்தகம், டிரைவிங் லைசென்ஸ் மூன்றும் கேட்பார்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள பட்டறை என்றால், பணத்தைப் பட்டறைக்கே நேரில் கொடுத்துவிடுவார்கள். மற்ற பட்டறை என்றால், நாம் கட்டிவிட்டு ரசீதைக் காட்டிப் பெறவேண்டும்.

மூன்றாவது, என்ன கழிப்பார்கள் என்று தெரிந்திருக்கவேண்டும். வண்டி பழசானால் பாகத்தின் விலையில் தேய்மானம் கழிப்பது வழக்கம். கண்ணாடிக்கு மட்டும் அந்தக் கழிவு இல்லை. கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதி கழியும். சொந்தக் காருக்கு ஒவ்வொரு தடவையும் கட்டாயமாக நம் கையில் இருந்து போகும் தொகை ஒன்று உண்டு. சிறிய எஞ்சின் கார் என்றால் 1,000 ரூபாய். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் 2,000 ரூபாய்.

நான்காவதுதான் முக்கியம். பலர் ஏமாறும் இடம் அது. ஓர் ஆண்டு முழுவதும் ஈடு கேட்காமல் இருந்தால், அடுத்த ஆண்டு நம் வண்டிச் சேதத்துக்கான கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். அது 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் ஆகும். ஒரு தடவை ஈடு கேட்டால், ஏணியின் உச்சியில் இருந்து கீழே வந்து மறுபடி ஏறவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தள்ளுபடிக்கு முன் கட்டணம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி 50 சதவீதம். கண்ணாடிச் செலவு 6,000. ஈடு கேட்டால் 1,000 போக, கையில் வருவது 5,000. ஆனால் அடுத்த ஆண்டு 4,000 ரூபாய்த் தள்ளுபடி போகும். அதற்கு அடுத்த நான்கு ஆண்டுகளில் 2,400, 2,000, 1,200, 400 என்று போகும். கூட்டினால் 10,000 ரூபாய்! ஐந்தாயிரத்தை வாங்கப் போய்ப் பத்தாயிரத்தை இழந்த கதை ஆகிவிடும். அந்த நிலையில் சொந்தப் பணத்தில் மாற்றுவதே மேல்.

கண்ணாடியின் விலை அதிகம் என்றால் கணக்கு மாறிவிடும். புது மாதிரிக் கார்கள் சிலவற்றில் கண்ணாடிக்குப் பின்னால் காமிராவும் இருக்கும். புதுக் கண்ணாடி பூட்டியதும் அந்தக் காமிராவைத் திரும்பச் சரி செய்யவேண்டும். அங்கே ஈடு கேட்பதுதான் லாபம். தள்ளுபடி போகாமல் காக்கும் கூடுதல் பிரிவு சில பாலிசிகளில் உண்டு. பாலிசியைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் படித்துப் பார்க்கவேண்டும்.

கண்ணாடியில் சிறு புள்ளி அளவு அடி என்றால் மாற்றவே வேண்டாம். பிசின் செலுத்தி அடைத்துவிடலாம். ஆனால் உடனே செய்யவேண்டும். வெயிலிலும் குலுக்கலிலும் புள்ளி கோடாகும்; கோடு கண்ணாடி முழுவதும் ஓடும். டிரைவரின் பார்வைக்கு நேரே உள்ள விரிசலை மட்டும் ஒட்டுப் போட்டு ஓட்டக்கூடாது. மாற்றிய கண்ணாடியின் பசை இறுகப் பட்டறைக்காரர் சொல்லும் நேரம்வரை காத்திருக்கவேண்டும். முன் கண்ணாடி காற்றை மட்டும் தடுப்பது அல்ல. கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்கும். பல கார்களில், விபத்து நேரத்தில் முன் ஆசனத்துக் காற்றுப்பை விரியும்போது அதற்கு முட்டுக் கொடுக்கும்.

அந்தச் சாலையில்...

இரண்டு நாள் கழித்து, புதுக் கண்ணாடி பூட்டிய கார் மேலப்பாளையத்துக்குத் திரும்புகிறது. பாளையங்கால்வாயைக் கடந்து வீட்டு வாசலில் நிற்கிறது. பிள்ளைகள் ஓடி வந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். விரிசல் எங்கே போயிற்று என்று தேடுகிறார்கள்.

கண்ணாடியை உருவாக்கியது ஒரு பிரான்சு நாட்டுக்காரரின் மூளை. ஈடு கொடுத்தது ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேரின் பணம். பூட்டியது ஒரு மெக்கானிக்கின் கை. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால்தான் வண்டி ஓடும் என்பதை நம் பக்கத்தில் முதலில் கண்டு, தொழிலாகவே செய்து காட்டியவர் திருக்குறுங்குடிக்காரர்.

வண்டி வாங்குவது ஒரு நாள் வேலை. அதை நிற்காமல் ஓட வைப்பது ஆயுள் முழுவதும் செய்யவேண்டிய வேலை. சுந்தரம் அய்யங்கார் செய்தது இரண்டாவது வேலை.